அள்ளியும் பள்ளியும்

வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு கட்டு கிடக்கிறது. இருநூற்றுச் சொச்சம் பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மேலே போட்ட பிளாஸ்டிக் அட்டை மஞ்சளடித்து மொறமொறத்துப் போயிருக்கிறது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கத்து வேடியப்பன் கோயில்களைப் பற்றி (சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்லைச் சாமியாகக் கும்பிடுகிற கோயில்கள்) எம்.ஃபில். பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேடு. அதன் மூன்றாம் பக்கத்தில் ‘மாரண்டஅள்ளி’ என்ற பெயரில் வரும் ‘அ’வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், மேலே ‘ப’ என்று திருத்தம். அடுத்த பக்கத்தில் ‘பைசுஅள்ளி’. அங்கும் வட்டம், அங்கும் ‘ப’. திருத்தியவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. நாற்பத்தொன்றாம் பக்கம் வரைக்கும் கண்ணில் பட்ட ஒவ்வொரு அள்ளியையும் பிடித்துப் பள்ளியாக்கியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் அள்ளி. அவருக்கும் ஒரு கட்டத்தில் கை ஓய்ந்திருக்கும். நாற்பத்திரண்டிலிருந்து கறையே இல்லாத பக்கங்கள். படிப்பதையும் அங்கேயேதான் நிறுத்தினார் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

2001-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிப்புத் துறைக்கு இதை அனுப்பினேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், அந்த நாற்காலிகளில் இப்போது வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று வருடம் சத்தமே இல்லை. 2004-ல் கட்டு திரும்பி வந்தது, கூடவே நாலு வரிக் கடிதம். பொருள் வட்டார அளவிலானது, விற்பனை வாய்ப்பு குறைவு, எனவே திருப்பி அனுப்புகிறோம். அந்த வருடம் பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. என் தலைப்பில் ‘தருமபுரி மாவட்ட’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ராயக்கோட்டை பக்கத்துக் கோயில்கள் எல்லாம் ஒரே நாளில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டன. விற்பனை வாய்ப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். உள்ளே சிரிப்பு வரவில்லை.

அன்று பிடித்த கருத்து ஒன்று கிட்டத்தட்ட இருபது வருடம் என்னோடு இருந்தது: பல்கலைக்கழகங்களுக்குப் பதிப்புத் துறை தண்டம். யாரும் கேட்காத புத்தகத்தை அச்சடித்து, குடோனில் அடுக்கி, கரையானுக்குப் பந்தி வைத்து, ஒருநாள் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற வேலை. டீக்கடையிலும் சொன்னேன், ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை மைக் பிடித்தும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நம் ஊரில் எதையாவது இழுத்து மூடவேண்டும் என்று சொன்னால் தலையாட்ட ஆள் கிடைப்பது சுலபம். போன வருடம் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. ஆட்டியது ஒரு ஜெராக்ஸ் கடை.

மேஜைக்கு அடியில்

தருமபுரியில் நான் போகும் ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். வாத்தியார் என்றால் வயது பார்க்காமல் சார்தான். வினாத்தாள் காப்பி எடுக்கப் போய்ப் பழகிய பழக்கம். முப்பது வருடமாக ஆய்வேடுகளுக்குப் பைண்டிங் போடுகிறவர் என்பதால், இந்த மாவட்டத்தில் யார் எதை ஆராய்ச்சி செய்தார்கள் என்பது எந்தத் துறைத் தலைவரையும்விட அவருக்குத் தெளிவாகத் தெரியும். எல்லாவற்றிலும் நன்றியுரையை மட்டும் படிப்பார். “பொண்டாட்டி பேரு எத்தனாவதா வருதுன்னு பாப்பேன் சார். கைடு, கைடோட சம்சாரம், லேப் அட்டெண்டர் எல்லாம் முடிஞ்சு கடைசியிலதான் வரும்.”

அவர் மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் ‘மாஸ்டர்’கள் இருக்கும். கடையில் கிடைக்காத, நூலகத்தில் ஒரே பிரதி உள்ள புத்தகத்தை யாராவது காப்பி எடுக்கக் கொண்டுவந்தால், பின்னால் இன்னொருவர் கேட்பார் என்று தோன்றினால், தனக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வார். எது கேட்கப்படும், எது கேட்கப்படாது என்பதில் அவர் கணக்கு தவறியதாக நான் பார்த்ததில்லை. பெட்டியில் பாதிக்கு மேல் பல்கலைக்கழக வெளியீடுகள். பதிப்பு தீர்ந்து முப்பது நாற்பது வருடமாக மறு அச்சு காணாதவை. ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய், பேக் டு பேக் என்றால் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். தேவைப்படும்போது தேவைப்பட்ட பிரதி, கைக்கு எட்டும் விலை, நூல் தீர்ந்துபோகாமல் இருப்பது: ஒரு பதிப்பகம் செய்யவேண்டிய வேலையில் முக்கால்வாசியை இந்த மனிதர் ஒரு மேஜைக்கு அடியில் செய்துகொண்டிருந்தார். தகடூருக்கு (தருமபுரியின் பழைய பெயர்) ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் இருக்கிறது, அது ஒரு ஜெராக்ஸ் மெஷின் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இது சட்டப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு டெல்லிக் கதையைச் சொல்லவேண்டும். 2012-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் சேர்ந்து, டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை மீது வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்து ஒரே கட்டாக விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமைச் சட்டத்திலேயே கற்பித்தலுக்கென்று விலக்கு இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீடு, இழுபறி எல்லாம் ஆகி 2017-ல் பதிப்பகங்களே விலகிக்கொண்டன. இதை அண்ணாவிடம் சொன்னபோது அவர் பெருமைப்படவில்லை. “அவங்க புக்கு போட்டாதான சார் நாம காப்பி போட முடியும்?” என்றார். தீர்ப்பின் விலக்கு பாடத்தொகுப்புக்குத்தான், மேஜைப் பெட்டிக்கு அல்ல என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அந்த வார்த்தை எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் உறைத்தது. அந்தப் பெட்டியில் இருப்பது எல்லாம் யாரோ ஒருகாலத்தில், விற்காது என்று தெரிந்தே அச்சடித்தவை.

நாலு லட்சம் ரூபாய்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியில் இரண்டு தொகுதி பெட்டியில் இருக்கிறது. மீதியை யாரும் கேட்டதில்லையாம். 1913-ல், மதுரையில் இருந்த சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகப் போட்டுத் தொடங்கிய வேலை. ஐந்து வருடம், ஒரு லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். முதல் பகுதி வெளிவரவே 1924 ஆகிவிட்டது. 1926-ல் வையாபுரிப் பிள்ளை வந்து பத்து வருடம் கட்டிக்கொண்டு மாரடித்து, 1936-ல் ஆறு தொகுதிகளாக முடித்தபோது செலவு நாலு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1939-ல் துணைத்தொகுதி வேறு. அன்றைய நாலு லட்சம். எந்தத் தனியார் பதிப்பாளராவது இதைச் செய்திருந்தால் இரண்டாம் தொகுதியிலேயே வீடு ஏலத்துக்கு வந்திருக்கும். இன்று சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் முழு லெக்சிகனும் இலவசமாகக் கிடைக்கிறது, பேருந்தில் போகும்போதுகூட செல்போனில் சொல் தேடுகிறேன். அந்த நாலு லட்சம் நட்டக் கணக்கா, லாபக் கணக்கா என்பதை எந்த ஆடிட்டர் சொல்வார்?

ஆனால் லெக்சிகன் பெரிய விஷயம், அதைக் காட்டி எதையும் நியாயப்படுத்திவிடலாம். என்னைத் தொந்தரவு செய்தது அதே பெட்டியில் இருந்த இன்னொன்று. ஒருநாள் காலாண்டுத் தேர்வு வினாத்தாளோடு நின்றுகொண்டிருந்தேன். மெஷினில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை, நடுகற்கள் பற்றி ஆராய்ச்சி, ‘புறத்திரட்டு’க்குக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டில் வந்து விழுந்த தாள்களைச் சும்மா புரட்டினேன். பாட்டுகளோடு, அது எந்த நூலில் இருந்து எடுத்தது என்ற குறிப்பும் இருக்கும். ஒரு பாட்டு ‘தகடூர் யாத்திரை’. தள்ளிப் பார்த்தால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு நூல் இருந்தது, அழிந்துவிட்டது என்பது இங்கே தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். அதியமான் கோட்டையைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அடித்த கதை, பாட்டும் உரையும் கலந்து வரும். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அவனுக்கு ‘தகடூர் எறிந்த’ என்றே அடைமொழி. வகுப்பில் நானே வருடாவருடம் “அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை” என்று ஒரு பெருமூச்சோடு சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன். கிடைக்காமல் போன நூலின் நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள் புறத்திரட்டில் கிடைக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும், தேர்வுக்குப் படித்த தகவலாக. காகிதத்தில், சூடாக, மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழும்போது பார்த்தது அதுவே முதல்முறை. யார் என்றே பெயர் தெரியாத ஒருவர், ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பல நூல்களில் இருந்து பொறுக்கிக் குறள் அதிகாரம் போல அடுக்கி வைத்தார். அதனால்தான் முத்தொள்ளாயிரத்தில் கொஞ்சம், வளையாபதியில் கொஞ்சம், குண்டலகேசியில் கொஞ்சம் பிழைத்தன. அந்தத் தொகுப்பை 1930-களின் கடைசியில் வையாபுரிப் பிள்ளையை வைத்து அச்சில் கொண்டுவந்தது சென்னைப் பல்கலைக்கழகம். அன்று யாராவது கடிதம் எழுதியிருக்கலாம்: பொருள் உதிரியானது, விற்பனை வாய்ப்பு குறைவு.

இவ்வளவுக்கும் நான் உடனே மனம் மாறிவிடவில்லை. அது சென்னை, அது வையாபுரிப் பிள்ளை, அது வெள்ளைக்காரன் காலத்து நேர்த்தி, இப்போது இருப்பவர்கள் அள்ளியைப் பள்ளி ஆக்குகிறவர்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். சிவப்பு வட்டம் அவ்வளவு சீக்கிரம் அழிகிற சமாசாரம் இல்லை.

ஹள்ளி

புறத்திரட்டு எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் அடுத்த வாரம் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். என் ஆய்வேட்டைப் பற்றி அண்ணா சொல்லியிருக்கிறார். (முப்பது வருடத்துக்கு முன் பைண்டிங் போட்டது அவருக்கு நினைவிருக்கிறது. என் நன்றியுரையில் மனைவி பெயர் முதலிலேயே வந்தது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.) அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கல். மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரையில், புங்க மரத்தடியில் இருந்த வேடியப்பன். இடது கையில் வில், வலது கையில் வாள், காலடியில் கெண்டியும் சிமிழும். தலைக்கு மேலே நாலு வரி வட்டெழுத்து. நான் போனபோது எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து அடைந்து கிடந்தது. மாவு தடவிப் படிக்கலாமா என்று கேட்டதற்கு, அங்கே பொங்கல் வைக்க வந்திருந்த பாட்டி, “எங்க சாமி பேரு உனக்கு எதுக்குடா தம்பி?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. பதில் இல்லாமல் நான் அவள் அடுப்புக்கு விறகு தள்ளிக் கொடுத்தேன். பொங்கல் இறங்கிய பிறகு அவளே ஒரு பிடி அரிசிமாவை என் கையில் கொட்டினாள். ‘தொறு’ என்ற சொல்லும், ‘பட்டான்’ என்ற சொல்லும், நடுவில் பாதி தேய்ந்த ஒரு பெயரும் வந்தன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன். பென்சிலால் அப்படியே வரைந்துகொண்டேன். எண்பத்தேழாம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது.

அந்தப் பெண் சொன்னாள், கோயிலைப் புதுப்பித்துவிட்டார்களாம் சார். சுற்றிலும் டைல்ஸ். கல்லுக்கு எனாமல் பெயிண்ட், மீசைக்குக் கறுப்பு, வேட்டிக்கு மஞ்சள். எழுத்து இருந்த இடம் சிமெண்டுக்குள் போய்விட்டது.

செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. 1972-ல் நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமாகப் போட்டதால் தெரிகிறது. மாட்டை மீட்கப் போன எங்கள் ஏரிக்கரை ஆளின் பெயர் இப்போது என் பென்சில் கோட்டில் மட்டும் இருக்கிறது, அதுவும் பாதி. எண்பத்தேழாம் பக்கம். திருத்தியவர் நாற்பத்தொன்றில் நின்றுவிட்டார்.

அவளுக்கு ஆய்வேட்டைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கூச்சமாக இருந்ததால் முந்திக்கொண்டு சிவப்பு வட்டங்களைக் காட்டினேன். பாருங்கள், நம் ஊர்ப் பெயர்கூடத் தெரியாதவர்கள் நம்மை மதிப்பிடுகிறார்கள். வழக்கமாக இந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. “ஆனா சார், ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் பெட்டியைக் கிளறச் சொல்லி, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை எடுத்தாள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1961-ல் முதலில் போட்டது. கடையில் இருந்தது 1984-ன் இரண்டாம் பதிப்பின் காப்பி. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள், ஒவ்வொன்றிலும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் மொழிவாரியாக வரிசையில் நிற்கும். விரல் வைத்துக் காட்டினாள். தமிழில் பள்ளி: சிற்றூர், இடையர் ஊர், முனிவர் இருக்கை. கன்னடத்தில் பள்ளி, ஹள்ளி. தெலுங்கில் பல்லி, பல்லெ.

பழைய கன்னடத்தில் சொல் முதலில் நின்ற பகரம் நடுக்காலத்தில் ஹகரமாக மாறியது. நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. அப்படித்தான் பள்ளி ஹள்ளி ஆனது. காவிரி தாண்டி, மலை தாண்டி எங்கள் பக்கம் வந்தபோது, தமிழ் நாக்குக்கு ‘ஹ’ ஒட்டாததால் அள்ளி ஆனது. வட்டம் போட்டவர் தனக்கே தெரியாமல் அந்தச் சொல்லை ஆயிரம் வருடம் பின்னால் தள்ளி அதன் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். தப்பு தப்புதான். மாரண்டஅள்ளியை மாரண்டபள்ளி என்று அச்சிட்டால் போஸ்ட்மேன்கூட மன்னிக்கமாட்டார். இதே கணக்கில் ஓசூர் என்பது ஹொச ஊர், ஹொச பழைய பொச, அது நம் ‘புது’வுக்கு உறவு. என் ஆய்வேட்டில் ஓசூர் ஏழெட்டு முறை வருகிறது. அதையும் திருத்தியிருந்தால் புத்தூர் ஆகியிருக்கும். அவ்வளவு தூரம் அவர் படிக்கவில்லை.

இருபது வருடம் நான் சுமந்த கோபத்தின் மையத்தில் இருந்த ஒரு எழுத்து இப்படி என் கையைவிட்டு நழுவியது. எனக்குத் தெரிந்திருந்தது அள்ளி சரி என்பது மட்டும். ஏன் அள்ளி என்று எனக்கும் தெரியாது, தமிழ் வாத்தியார், எம்.ஃபில். அதை எனக்குச் சொன்ன புத்தகம், எந்த வியாபாரியும் போடமாட்டாத புத்தகம். தோடர் மொழியிலும் கோலாமியிலும் ஒரு சொல்லுக்கு என்ன வடிவம் என்று தெரிந்துகொள்ள உலகத்தில் எத்தனை பேர் காசு கொடுப்பார்கள்? ஆனாலும் ஒரு பல்கலைக்கழகம் அதைப் போட்டது, தீர்ந்ததும் திருத்தி மறுபடி போட்டது. ஆக்ஸ்போர்டு என்றவுடன் பிழையே வராது என்று நினைக்கவேண்டாம். அந்த ஊரில் அச்சான முதல் புத்தகத்தில் வருடமே தப்பு. 1478 என்பதில் ரோமன் எழுத்து ஒன்று விட்டுப்போய் 1468 என்று விழுந்துவிட்டது. ஐந்நூறு வருடமாக அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே புத்தகம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குப்பம் வரை

ஆக, என் பழைய கருத்துக்குப் பதில் எனக்கு வேறு ஒன்று வேண்டியிருக்கிறது. வட்டாரம் என்பதற்காக ஒதுக்காத, வட்டாரத்தைத் தெரிந்த ஒரு பதிப்பு மேஜை. அள்ளி பிழையில்லை என்றும் தெரிந்து, அது ஏன் பள்ளியோடு உறவு என்றும் தெரிந்த ஒருவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கவேண்டும். தஞ்சாவூரில் 1981-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம் களஞ்சியத் தொகுதிகளையும் ஆய்வு நூல்களையும் வரிசையாகத் திட்டமிட்டார். அதே மனிதர் பின்னால் திராவிடப் பல்கலைக்கழகத்துக்கும் இணைவேந்தராக இருந்தார். அது இருப்பது ஆந்திராவில் உள்ள குப்பத்தில், கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். 1997-ல் தொடங்கியது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் அதே வருடம்தான் வந்தது. பைசுஅள்ளியில் இருக்கும் அதன் முதுநிலை மையத்தின் பெயர்ப்பலகையை ஒவ்வொரு முறை தாண்டும்போதும் என் நான்காம் பக்கத்துச் சிவப்பு வட்டம் ஞாபகம் வரும்.

குப்பத்தில் வெளியீட்டுப் பிரிவுக்குப் பிரசாராங்கம் என்று பெயர். மைசூரிலும் ஹம்பியிலும்கூட அதே பெயர். பரப்புகிற அங்கம் என்று பொருள். நாம் பதிப்புத் துறை என்கிறோம். பதித்தால் வேலை முடிந்தது என்ற தொனி அதில் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு ஐயம். பெயரில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம்தான். ஆனால் ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகம் மலை மாதேஸ்வரன் கதையைப் பாடகர்கள் பாடியபடியே பெரிய காவியமாக அச்சில் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் ஜனம் ஒகேனக்கல் பக்கமும் மேட்டூர் பக்கமும் போய் ஏறுகிற அதே மாதேஸ்வரன் மலை. ஒரு மலைச்சாமியின் கதை அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சொத்து. எங்கள் வேடியப்பன் நாலு வரிக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார்.

இப்போது நிலைமை வேறு மாதிரி. பணம் கட்டினால் ஐ.எஸ்.பி.என். போட்டு ஐம்பது பிரதி அடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும் என்பதால் கல்லூரி நண்பர்கள் பலர் அந்த வழியில் போனார்கள். அதில் யாரும் அள்ளியைத் திருத்துவதில்லை, ஏனென்றால் யாரும் படிப்பதே இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்று 2009-ல் யு.ஜி.சி. விதி கொண்டுவந்ததில் ஷோத்கங்கா தளம் நிறைந்து கிடக்கிறது. தமிழ் ஆய்வேடுகளில் நிறைய பழைய எழுத்துருவில் அல்லது வெறும் படமாக இருப்பதால் ‘வேடியப்பன்’ என்று தேடினால் கைக்கு அகப்படாது. எல்லாம் திறந்திருக்கிறது, ஒன்றும் கிடைப்பதில்லை. எனக்கு அந்தச் சிவப்புப் பேனாக்காரர் மேல் லேசாக மரியாதைகூட வந்துவிட்டது. நாற்பத்தொரு பக்கம் ஒரு மனிதர் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். என் ஆய்வேட்டை அவ்வளவு தூரம் படித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், என் வழிகாட்டியையும் சேர்த்து.

போன சனிக்கிழமை கட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்று, மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று, குப்பத்துக்கு அனுப்பிப் பார்க்க ஒன்று. அண்ணா ஸ்பைரலைப் பிரித்து, தாளைத் தட்டி ஒழுங்குபடுத்தி, மூன்றாம் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்தவர் நிமிர்ந்தார்.

“செவப்புக் கோடெல்லாம் கறுப்பா விழும் சார். லைட் பண்ணி எடுத்தா போயிரும். பண்ணட்டுமா?”

“லைட் பண்ணா எண்பத்தேழுல பென்சில் படம் ஒண்ணு இருக்கு, அதுவும் போயிருமே.”

“அதுவும் போயிரும்.”

“அப்ப டார்க்காவே எடுங்கண்ணா. மூணு இல்ல, நாலு போடுங்க. ஒண்ணு பெட்டிக்கு.”

அவர் ஒரு நொடி கட்டைப் பார்த்தார், கணக்குப் போடுகிற அதே பார்வை. அப்புறம் மூடியை இறக்கினார். “பேக் டு பேக் தான சார்?”